ஜெனோவாவின் பூஜ்ஜியம்

காலை ஏழரைக்குச் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஜெனோவா செய்கிற முதல் வேலை, கழிவறைக்குப் போய் ஒரு சின்ன பாட்டிலில் தன் சிறுநீரைப் பிடித்து வருவது. முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பாட்டிலை வைத்துத்தான் புதுத்துறைத் துறைமுகத்தில் நாலாயிரம் பேரின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

எந்தத் தராசானாலும் சரக்கை வைக்குமுன் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையா? சிறுநீரில் போதைச் சரக்கைத் தேடுகிற இயந்திரத்துக்கும் அதே கதைதான். எந்த மருந்தும் தொடாத ஒரு மனிதரின் நீரைத் தினமும் முதலில் ஊற்றி, இதுதான் ஒன்றுமில்லாதது, இதைப் பூஜ்ஜியம் என்று எழுதிக்கொள் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். அந்த நீருக்குப் பெயர் பிளாங்க். பத்துப் பேரின் நீரைக் கலந்துதான் பிளாங்க் தயாரிக்க வேண்டும் என்கிறது விதிப் புத்தகம். ஆனால் அங்கே வேலை பார்த்ததே ஆறு பேர். அதில் இரண்டு பேருக்குத் தைராய்டு மாத்திரை, இரண்டு பேருக்குச் சர்க்கரை மாத்திரை, தலைவர் பத்மநாபனுக்கு இரத்தக் கொதிப்பு. ஜெனோவா மட்டும் காபிகூடக் குடிக்க மாட்டாள். "நம்ம ஜெனோவா போதுமே" என்று பத்மநாபன் ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சொன்னார். அவ்வளவுதான், அதுவே சட்டமாகிவிட்டது.

தேடிய சரக்குக்குப் பெயர் பஞ்சு. மருந்துக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது, யார் வாயிலும் நிற்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தாக வந்து, பிறகு துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்ட சாமான் அது. போட்டுக்கொண்டால் தூக்கம் வராது, நினைவும் தப்பாது. உடம்பு ஒரு பக்கம் இருக்கும், ஆள் ஒரு பக்கம் இருப்பான். கை வலிக்கிறது என்று தெரியும், அந்தக் கை தன்னுடையது என்று மட்டும் தோன்றாது. பன்னிரண்டு மணி நேரம் கிரேன் கூண்டுக்குள் முதுகு ஒடிய உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அப்படி மிதந்துகொண்டிருந்த ஒருவன் நாற்பதடி கண்டெய்னர் ஒன்றைத் தப்பான இடத்தில் இறக்கினான். கீழே பதினோரு பேர் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான் மாதம் ஒரு சோதனை வந்தது. எல்லை நூறு. நூற்றொன்று வந்தாலும் வேலையிலிருந்து நிறுத்திவைப்பார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றால் துறைமுகத்தில் வேலை பார்ப்பதற்கான அட்டை ஆயுசுக்கும் ரத்து.

ஜெனோவாவுக்கு நாற்பத்தாறு வயது. நாலு வருடத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடம் போகிற வழியில் டிரெய்லர் மோதி இறந்துபோனாள். ஏழாம் நாள் பூசை முடிந்து எட்டாம் நாள் காலை ஏழரைக்கு ஜெனோவா வேலைக்கு வந்தாள், பாட்டிலை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள். கல்லு மாதிரி இருக்காளே என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் அவளுக்கு இருந்தது. புருஷன் ரூபன் மகளின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதால், அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அதற்கு மேல் அவளுக்குள் எதுவும் நடக்கவில்லை.

இந்த வருடம் சித்திரையில் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். பிளாங்க் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். ஜெனோவாவைக் கை காட்டினதும், வந்தவர்களில் ஒருவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். இனிமேல் வெளியிலிருந்து சீல் வைத்து வருகிற செயற்கை பிளாங்க்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை முதல் ஜெனோவாவின் முதல் வேலை இல்லாமல் போயிற்று.

அந்த வாரமே ஒன்பது பேர் மாட்டினார்கள். மாதத்துக்கு இரண்டு பேர் மாட்டினாலே பெரிய விஷயமாக இருந்த இடம் அது.

"பாத்தீங்களா ஜெனோவா? ஊரே பஞ்சுல மிதக்குது. நாமதான் இத்தனை நாள் கோட்டை விட்டிருக்கோம்" என்றார் பத்மநாபன். மனிதர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது, அதைச் சேதமில்லாமல் கடந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

ஒன்பது பேரில் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். இசக்கித்துரை, கிரேன் ஓட்டுபவர், ஐம்பத்திரண்டு வயது. வாசல் காவலரிடம் என்ன சொன்னாரோ, நேராக ஜெனோவாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் முடிவுத் தாள் இருந்தது. 172 என்று போட்டிருந்தது.

"யம்மா, நான் சண்டைக்கு வரல. இந்த எண்ணு எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நான் பீடிகூடக் குடிக்க மாட்டேன்."

"உக்காருங்கண்ணே. இருமல் மருந்து, வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டியளா?"

"ஒண்ணும் கெடையாது."

"இங்க ரெண்டு சோதனை நடக்கும். மொத சோதனை ஒரு காகிதப் பட்டை. அது சாவித் துவாரம் மாதிரி. பஞ்சு உள்ள போனா பூட்டு தெறக்கும். ஆனா ஏறக்குறைய அதே வடிவத்துல வேற சாவி போனாலும் சில நேரம் தெறந்துரும். இருமல் மருந்துக்கே தெறந்துரும். அதனால பட்டை சொல்லுறத மட்டும் வச்சி யாரையும் புடிக்க மாட்டோம். ரெண்டாவது, அந்தா நிக்கே பெரிய மிஷினு, நாங்க தராசும்போம். அது ஒவ்வொரு மூலக்கூறா உடைச்சி நிறுத்துப் பாக்கும். அத ஏமாத்த முடியாது."

"தராசு என்ன சொல்லுது?"

"பஞ்சுன்னுதான் சொல்லுதுண்ணே."

இசக்கித்துரை தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதிர்ந்த மாதிரியே தெரியவில்லை. "எம் மவளும் அதத்தான் சொல்லுதா" என்றார். "ஐப்பசியில எம்பொஞ்சாதி சண்முகக்கனி போயிட்டா. கிட்னி. நான் அழல. ஏன்னு கேட்டா எனக்கே தெரியல்ல. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்க மாதிரி இருந்துச்சு. பெரிய காரியம் முடிஞ்ச அன்னைக்கே மவ கேட்டா, யப்பா நீ பஞ்சு போட்டுட்டா அம்மாவத் தூக்குனன்னு. இப்ப தாளே வந்துட்டு. அவ பேசி ஒரு வாரம் ஆச்சு. கிரேன் போனாக்கூடப் போகட்டும் தாயி. பொண்டாட்டி சாவுக்குப் போதையில நின்னவன்னு எம் பிள்ளை நெனச்சிக்கிட்டு இருக்கா பாருங்க, அதுக்கு என்ன சோதனை இருக்கு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்று அவர் சொன்னது ஜெனோவாவின் மனதில் ஒட்டிக்கொண்டது. அவர் போன பிறகு ஒன்பது பேரின் படிவங்களையும் எடுத்து மேசையில் பரப்பினாள். கடைசியாக எடுத்த நீண்ட விடுப்பு, காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் அதைப் படிப்பதில்லை. மனைவி இறப்பு. தாய் இறப்பு. மகன் இறப்பு. தம்பி கடலில் காணவில்லை. ஒன்பதிலும் சாவுதான் இருந்தது. ஒன்பது அளவுகளும் நூற்றுப் பத்துக்கும் இருநூற்றுக்கும் நடுவில் இருந்தன. நிஜமாகவே பஞ்சு போட்டவனுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறும்.

போன மாதம் வரைக்கும் இவர்கள் எப்படித் தப்பினார்கள்? மாறினது ஒன்றே ஒன்றுதான்.

உறைபெட்டியில் மாதத்துக்கு ஒரு பழைய பிளாங்க் பாட்டிலை எடுத்து வைப்பது அங்கே வழக்கம். ஏழு வருடத்து ஜெனோவா அங்கே தேதி போட்டு வரிசையாக உறைந்து கிடந்தாள். ஒவ்வொன்றாக உருக்கி, செயற்கை பிளாங்கைப் பூஜ்ஜியமாக வைத்துத் தராசில் ஏற்றினாள். முதல் வருடம் மூன்று. இரண்டாம் வருடம் நான்கு. மகள் போன மாதமும் மூன்றுதான், அந்தப் பாட்டில் மாத முதல் தேதியில் எடுத்தது. அடுத்த மாதம் எண்பத்தெட்டு. அதற்கடுத்த மாதம் நூற்று நாற்பது. பிறகு நாலு வருடமும் நூற்று நாற்பதை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையவில்லை.

அவள் அந்த எண்களைச் சாவகாசமாகக் குறிப்பேட்டில் எழுதினாள். கையெழுத்துகூடக் கோணவில்லை. எழுதி முடித்துவிட்டுப் பத்மநாபனிடம் கொண்டுபோனாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களும் பஞ்சு போட்டீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப இது என்ன?"

"மூளைக்குத் தாங்க முடியாத அடி விழுந்தா, அது தன்னைத் தானே மரத்துப்போக வச்சிக்கிடும்னு நெனைக்கேன் சார். அதுக்குன்னு ஒரு சரக்க உடம்பே காய்ச்சுது. மருந்துக் கம்பெனிக்காரன் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல, அதத்தான் பாத்து எழுதியிருக்கான். ரெண்டும் ஒரே மூலக்கூறு. தராசு எப்படிப் பிரிக்கும்? நாலு வருஷமா நம்ம மிஷினோட பூஜ்ஜியமே நூத்தி நாப்பதுல இருந்துருக்கு. சாவு வீட்டுக்காரங்க எல்லாரும் எம் பூஜ்ஜியத்துக்குக் கீழ ஒளிஞ்சி போயிட்டாங்க. இப்ப பிளாங்க மாத்துனதும் வெளிய தெரியுறாங்க."

பத்மநாபன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "ஐயோ, என் பதினாலு மாசம்" என்று மெல்லச் சொன்னார். பிறகு, "இதை மேல்முறையீட்டுக் குழுகிட்டச் சொன்னா, சோதனைக்கூடத்துக்காரியே பஞ்சுக்காரின்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. நிரூபிக்கணும். பஞ்சு ரெண்டு நாள்ல உடம்பை விட்டு எறங்கிரும். ஒரு ஆளை மூணு நாள் பூட்டி வைக்கணும். கேமரா, நம்ம சாப்பாடு, நம்ம தண்ணி. அப்புறமும் நூறுக்கு மேல இருந்தா, அது உடம்பு செய்றதுதான்னு யாராலயும் மறுக்க முடியாது. ஒன்பது பேரும் தப்பிச்சிருவாங்க" என்றார்.

இசக்கித்துரை உடனே ஒத்துக்கொண்டார். கூண்டுக்குள் உட்கார்ந்தே பழகினவர்தானே. குழுவும் ஒத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை, ஒரே ஒரு பாட்டில்தான். திங்கள் மாலை ஆறுக்கு உள்ளே போனால், வியாழன் மாலை ஆறுக்கு எடுக்கிற நீர் மட்டும்தான் கணக்கு.

மாடியில் பழைய சாமான் கிடந்த அறையைக் காலி செய்து கட்டில் போட்டார்கள். கதவில் ஒரு கண்ணாடிச் சன்னல், அதன் கீழே தட்டு தள்ள ஒரு திறப்பு. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜெனோவாவுக்கு. முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய் மத்தியானம் தட்டைத் திருப்பித் தள்ளும்போது இசக்கித்துரை கேட்டார்.

"உங்களுக்குப் பிள்ளைய எத்தனம்மா?"

இதற்கு அவள் வழக்கமாகச் சொல்கிற பதில், இல்லை என்பது. அன்று, "ஒருத்தி இருந்தா" என்று வந்துவிட்டது.

"பேரு?"

"மெர்லின்."

"உங்ககிட்ட எதுக்குச் சண்டை போடுவா?"

நாலு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. எப்படி நடந்தது, எந்த டிரெய்லர், கேஸ் என்னாச்சு என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். எதற்குச் சண்டை போடுவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"தலைக்கு எண்ணெய் வைக்க விடமாட்டாண்ணே. எல்லாரும் சிரிக்காங்கன்னு சொல்லுவா. அன்னைக்கும் காலையில புடிச்சி உக்கார வச்சி, திட்டத் திட்டத் தேச்சி, இறுக்கப் பின்னி அனுப்புனேன். அவ கோவத்துல சொல்லிக்காமப் போயிட்டா. கை கழுவக்கூட இல்ல, போன் அடிச்சிது. எண்ணெய்க் கையோடதான் எடுத்தேன். போன்ல கறை."

"ம்."

"எண்ணெய்க் கறைண்ணே. நான் அதத் தொடச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். அவங்க சொல்லச் சொல்ல, நான் போனத் தொடச்சிக்கிட்டு..."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டாள். ஏழு வருடமாகப் பாட்டில் பிடித்த அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, தொண்டை கிழிய அழுதாள். வலித்தது. ஐயோ, அப்படி வலித்தது. மரத்த காலை நீட்டினால் ரத்தம் பாயும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அது உடம்பு முழுக்கக் குத்தியது. வீட்டுக்குப் போயும் அழுதாள். ரூபன் பயந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

புதன் காலை, என்ன தோன்றியதோ, பழைய பழக்கத்தில் ஒரு பாட்டில் பிடித்துத் தராசில் ஏற்றினாள். பதினொன்று என்று வந்தது.

நூற்று நாற்பது ஒரே நாளில் பதினொன்றாகியிருந்தது. அழுதால் கரைந்துவிடுகிறது. இசக்கித்துரை வியாழன் ஆறு மணிக்கு முன்னால் அழுதுவிட்டால்? நிரூபணம் போய்விடும் என்பது மட்டுமில்லை. மூன்று நாள் பஞ்சு கிடைக்காமல் பூட்டி வைத்தோம், அளவு இறங்கிவிட்டது, அப்படியானால் இவன் பஞ்சுக்காரன்தான் என்று குழு எழுதும். காப்பாற்றப் போட்ட பூட்டே அவரைக் கொன்றுவிடும்.

பத்மநாபனிடம் ஓடினாள். அவர் கேட்டுவிட்டு, "அப்ப ஒண்ணு செய்யுங்க. அவர்கிட்ட அவர் வீட்டம்மாவைப் பத்தி யாரும் பேசக்கூடாது. வீட்டு ஆளுங்க வரக்கூடாது. நீங்களும் அதிகம் பேசாதீங்க. மரத்துப்போன மனுஷன் நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மரத்தே இருக்கட்டும்" என்றார்.

இதோடு அவள் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் புதிதாக அழத் தொடங்கினவர்களுக்குப் பொறுமை ஏது? அன்று மாலை இசக்கித்துரையின் மகளுக்குப் போன் செய்துவிட்டாள். பிரம்மசக்தி, இருபத்திரண்டு வயது, துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு. அரை மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கினாள். உங்க அப்பா பஞ்சு தொட்டதே இல்லம்மா, உங்க அம்மா போன அடியில அவர் உடம்பே அதக் காய்ச்சிக்கிட்டு இருக்கு என்றாள். "நாளைக்கு ஆறு மணிக்கு மேல வா. அதுக்கு முன்னால வராத" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்தாள்.

பிரம்மசக்தி வியாழன் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து நின்றாள்.

"அறிவிருக்காட்டி உனக்கு? ஆறு மணின்னு சொன்னேம்லா?" ஜெனோவா அவளை மாடிப்படி முக்கிலேயே மறித்துக் காதோடு அதட்டினாள்.

"முடியலக்கா. ராத்திரி முழுக்க முடியல. நான் அவரப் பாக்கல, பேசல. சும்மா இங்கனக்குள்ள உக்காந்துக்கிடுதேன். ஆறு மணி வரைக்கும் மூச்சு விட மாட்டேன்."

அவளைத் திருப்பி அனுப்ப ஜெனோவாவுக்கு மனசு வரவில்லை. அறைச் சுவரை ஒட்டி, சன்னலிலிருந்து தெரியாத இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள். நாலு மணி நேரம்தான். பிள்ளை வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தது. அது சாமான் அறையாக இருந்த இடம் அல்லவா, மூலையெல்லாம் தூசி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தும்மினாள். அடக்கப் பார்த்து, முடியாமல், அடுத்தடுத்து மூன்று.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"யம்மா?" திறப்புக்கு அருகே இசக்கித்துரையின் குரல் கேட்டது. "வெளிய யாரு தும்முனது?"

ஜெனோவா பிரம்மசக்தியின் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"மூணு தும்மல்மா. சண்முகக்கனி அப்படித்தான் தும்முவா. எப்பமும் மூணு. எண்ணி வச்ச மாதிரி." குரல் திறப்புக்கு இன்னும் கிட்ட வந்தது. "எனக்குத்தான் அப்படிக் கேக்குதா? வெளிய யாரு இருக்கா? சொல்லுங்க தாயி."

யாருமில்லை என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லில் ஒன்பது பேரின் அட்டை இருந்தது, இந்த மனிதரின் பேரும் கிரேனும் இருந்தன. நாலு வருடமாக அவள் வாயில் தேய்ந்துபோன சொல்தான் அது. என்னாச்சு ஜெனோவா என்றால் ஒண்ணுமில்ல. வீட்டுல யார் இருக்கா என்றால் யாருமில்ல. ஒரு தடவைகூட நாக்கு தடுமாறியதில்லை. இப்போது வாயைத் திறந்தாள், வரவில்லை. உள்ளே ஒரு மனிதன் செத்த பெண்டாட்டியின் தும்மலைக் கேட்டுவிட்டுத் தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நின்றுகொண்டிருந்தான்.

"உங்க மவ வந்திருக்காண்ணே" என்றாள்.

கதவை யாரும் திறக்கவில்லை. பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது, கேமராவும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பிரம்மசக்தி எழுந்து வந்து கதவடியில் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"யப்பா, நான் தப்பாப் பேசிட்டேன்ப்பா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பிள்ள. சாப்பிட்டியா?"

"ஏன்ப்பா அன்னைக்கு அழல?"

"நான் அழுதா அவ போயிட்டான்னு ஆயிரும்லா" என்றார். சொல்லி முடிக்கும் முன்னால் குரல் உடைந்துவிட்டது. கிரேன் ஓட்டுகிற ஆணின் அழுகை என்ன அழுகை! கீழ்த்தளத்திலிருந்து பத்மநாபன் ஓடிவந்து, படியில் பாதியிலேயே நின்றுவிட்டார். ஜெனோவா சுவரில் சாய்ந்து அவளும் அழுதாள்.

ஆறு மணிப் பாட்டிலில் பதினான்கு வந்தது.

அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவளும் ஜெனோவாதான். குறிப்பு என்ற கட்டத்தில் ‘இரண்டே கால் முதல் மூன்றரை வரை அழுதார்’ என்று எழுதினாள். இதை எடுத்துரலாமே, சிரிப்பாங்க என்றார் பத்மநாபன். இருக்கட்டும் சார் என்றாள். கூடவே தன்னுடைய உறைந்த பாட்டில்களின் எண்களையும் பெயர் போட்டு இணைத்தாள். குழுவில் ஒருவர் நிஜமாகவே சிரித்தார். மூன்று நாளில் நூற்று எழுபத்திரண்டிலிருந்து பதினான்குக்கு இறங்கியது பஞ்சுக்காரன் என்பதற்குத் தெளிவான சான்று என்று எழுதி, ஒன்பது மேல்முறையீட்டையும் தள்ளினார்கள். நாலு வருடம் பஞ்சு போட்டு அண்மையில் நிறுத்தியவள் என்று ஜெனோவாவின் உரிமத்தையும் ரத்து செய்தார்கள். அதற்கு முன்னால் விதிப்படி அவளிடமும் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வந்தது. நாலு வருடத்தில் அவள் கொடுத்த உருப்படியான பிளாங்க் அது ஒன்றுதான்.

வெளியே வேப்ப மரத்தடியில் இசக்கித்துரை நின்றுகொண்டிருந்தார். பிரம்மசக்தி ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தாள். தூரத்தில் கிரேன்களின் தலை தெரிந்தது. முப்பது வருடம் அவர் ஏறின கிரேன், இனி ஏற முடியாது. அவர் முகத்தில் கோபம் இருந்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

"ஒரு நாலு மணி நேரம் பொய் சொல்லியிருக்கக் கூடாதாம்மா? இன்னும் எட்டுப் பேரு இருக்காங்களே."

"முடியலண்ணே. நாலு வருசமா அதத்தான சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவர் மகளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்போது அவள் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். வண்டி மறைகிற வரைக்கும் ஜெனோவா வெயிலில் நின்றாள். அந்த எட்டுப் பேரின் பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, ஒவ்வொன்றும் வலித்தது. பிறகு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.